எது தவறியது என்னும் கட்டம்

உங்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக் கால் செய்யும் படிப்பில் செய்முறைத் தேர்வுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய மாணவி ஒருத்தி உங்கள் முன்னால் வந்து உட்காருகிறாள். அவள் இதுவரை ஒருமுறைகூட பிளாஸ்டர் மாவைக் கரைத்ததில்லை. ஒருவர் காலையும் தொட்டு அளந்ததில்லை. உங்கள் காலை அவளிடம் நீட்டுவீர்களா?

மாட்டீர்கள். ஆனால் அப்படிப்பட்டவளை உருவாக்கும் கல்லூரியில் உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் தெரு முழுக்கச் சொல்வீர்கள். அந்தத் தொண்ணூற்றெட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவீர்கள். நான் சொல்லப்போகும் பெண்ணின் வீட்டிலும் மாட்டியிருந்தார்கள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி செய்த பெண் அவள்.

கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்பதால் தோழிகள் அவளை மணிமணி என்றே கூப்பிட்டார்கள். அப்பா கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவர். வேலை முடிந்து வந்தால் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவாமல் மகளின் புத்தகத்தைத் தொடமாட்டார். "என் பொண்ணு நகத்துல மை மட்டும்தான் இருக்கும்" என்பது அவர் ஊருக்குச் சொல்லும் பெருமை. கை அழுக்காகாத வேலைக்கு மகளை அனுப்பவேண்டும் என்பதற்காகவே இருபது வருடம் கையை அழுக்காக்கிக்கொண்டவர். மகள் சேர்ந்த படிப்போ, முழுக்க முழுக்கக் கையால் செய்யவேண்டிய படிப்பு. அது அப்பாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அந்தக் கல்லூரியில் மூன்று வருடம் இருந்தும் தெரிய வாய்ப்பில்லை.

ஏனென்றால் அங்கே ஆய்வகத்தில் இருந்த மூன்று இயந்திரங்களுக்கும் பூப்போட்ட துணி உறை தைத்துப் போட்டிருந்தார்கள். ஆய்வுக்குழு வரும் நாளில்தான் உறை கழலும். மாவு கரைப்பது, ஈரக்கட்டுத் துணியைச் சுற்றுவது, அச்சை அரத்தால் ராவுவது என்று எல்லாவற்றையும் அட்டெண்டர் செய்வார். மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். முன்வரிசைக்கு அவருடைய கை தெரியும், பின்வரிசைக்கு முதுகு தெரியும். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர் என்பதால் அவர் 'கற்பிக்கிறார்' என்று எந்தக் காகிதத்திலும் இல்லை, 'உதவுகிறார்' என்றிருந்தது. கற்பித்ததாகக் கையெழுத்துப் போட்டவர் அந்த நேரத்தில் வேறு அறையில் இருந்தார். கை படுகிறவன் கீழே, கையெழுத்துப் போடுகிறவன் மேலே என்று நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எந்தக் கடவுளும் விதிக்கவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து எழுதி, மனிதர்கள் ஒப்பமிட்ட கணக்கு அது.

பிறகு ரெக்கார்டு நோட்டு. நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு. போன வருடத்து அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். அந்த அக்கா அதற்கு முந்தைய அக்காவைப் பார்த்து எழுதியிருப்பாள். அளவுகள் மேலிருந்து கீழே அழகாகக் குறைந்துகொண்டே வரவேண்டும், ஏனென்றால் புத்தகப் படத்தில் இருக்கும் கால் அப்படித்தான் இருக்கிறது. நாற்பத்திரண்டு பயிற்சிகள், நாற்பத்திரண்டு முடிவுகள், ஒன்றுகூடத் தப்பியதில்லை. உலகத்தில் எந்தப் பட்டறையிலும் நடக்காத அதிசயம் அது. மணிமணியின் நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் புதிய மாணவர்களுக்குக் காட்டினார்கள்.

அந்தக் கல்லூரி வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுடன் ஒப்பந்தம் போட்டிருந்தது. வருடத்துக்கு ஒருவர் ஆறாவது செமஸ்டரை அங்கே போய்ப் படிக்கலாம். பதினாறு வாரம். நிபந்தனை ஒன்றே ஒன்று: கால் இழந்த ஒருவருக்கு, அளப்பதிலிருந்து நடக்கவைப்பது வரை முழுக்கத் தன் கையால் ஒரு கால் செய்து, அதன் பதிவேட்டைக் கொண்டுவர வேண்டும். அங்கே ஒப்பமாகி, இங்கே துறை ஏற்றுக்கொண்டால்தான் அந்த செமஸ்டர் கணக்கில் சேரும். இல்லையென்றால் அடுத்த வருடம் இளைய வகுப்போடு உட்கார்ந்து மறுபடியும் படிக்கவேண்டும். ஒரு வருடம் போகும். வகுப்பில் முதல் மாணவி என்பதால் மணிமணியை அனுப்பினார்கள்.

*

அந்தப் பட்டறை நீளமான ஒரே அறை. உயரத்தில் சன்னல்கள், தரையில் வடிகால், வரிசையாக நான்கு தொட்டிகள், அச்சை இறுக்கிப் பிடிக்க ஆறு பிடிக்கருவிகள். சுவரில் அரங்கள் அளவுப்படி தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தையே கோடாக வரைந்திருந்தார்கள், எது இடத்தில் இல்லை என்று வாசலிலிருந்தே தெரியும்படி. எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தூசி. பட்டறைத் தலைவி நாற்பது வயதுக்காரி, முழங்கை வரை மாவு. அவர்கள் பேசியது வேறு மொழி. அதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

முதல் நாள் மணிமணி கேட்ட முதல் கேள்வி இது: "மாவு கரைக்க எப்போ வருவாங்க?"

"யாரு?"

"மாவு கரைக்கிறவங்க."

தலைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீதான் வந்துட்டியே."

பகடியா, கோபமா என்று மணிமணிக்குப் புரியவில்லை. தலைவி உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள். கையில் பாதி ராவிய அச்சோடு எழுந்து நின்று அதைக் காலில் போட்டுக்கொண்டாள். "உனக்கு நாற்காலியில ஏதாவது குத்துதா?" என்று தலைவி கேட்டாள். அதுவும் பகடியா என்று தெரியவில்லை. சாயங்காலமானால் அதே தலைவி துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டினாள். துடைப்பத்தை வாங்கிக்கொள்ள மணிமணி ஓடினால், "உன் மேசைக்கடியில நீ கூட்டு" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கத்தைக் கூட்டப் போய்விட்டாள். இங்கே யார் பெரியவர், யார் சின்னவர்? யாரிடம் பணிந்து பேசுவது? ஒரு வாரம் அவளுக்கு அதுவே பெரிய பாடமாக இருந்தது, தேறவில்லை.

இரண்டாம் வாரம் வாளியில் மாவு கல்லாகிவிட்டது. கலக்கும் கம்பி உள்ளே செருகியபடியே நின்றுவிட்டது, அறுவடை முடிந்த வயலில் நடுகல் மாதிரி. மணிமணி மதிய இடைவேளையில் ஊருக்குப் போன் செய்தாள். பேராசிரியருக்கு அல்ல, அட்டெண்டருக்கு. அவர் எண் அவளிடம் மூன்று வருடமாக இருந்தது, ஆய்வகச் சாவி கேட்பதற்காக.

"அண்ணா, மாவு வாளியிலேயே கெட்டியாயிடுச்சு."

"வெந்நீர் விட்டியா?"

"கை குளிருதுன்னு கொஞ்சம் வெதுவெதுப்பா…"

"சரியாப் போச்சு. உனக்குக் குளிருதுன்னா அது காத்துக்கிட்டு இருக்குமா? பச்சைத் தண்ணி வை. தண்ணியில மாவைத் தூவு, மாவுல தண்ணியைக் கொட்டாதே. மாவு தானா முங்கட்டும். அப்புறம் அடியிலேருந்து கையால தடவிக் கரை. முட்டை அடிக்கிற மாதிரி அடிச்சே, பொத்தல் பொத்தலா வரும்."

"இதெல்லாம் ஏண்ணா ரெக்கார்டுல இல்ல?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. "என்னையா கேக்கிறே? ரெக்கார்டு எழுதினது நீங்க. நான் வாளி கழுவினவன்."

அவர் கேலியாகச் சிரித்தாரா, வருத்தமாகவா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அவர் முகத்தைப் படிக்கத் தெரியாதது வியப்பில்லை.

பட்டறையில் தினமும் ஒரு பதிவுத்தாள் எழுதவேண்டும். மூன்று கட்டங்கள். 'என்ன செய்தேன்', 'என்ன பார்த்தேன்', 'எது தவறியது'. மாவு இறுகிய அன்று முதல் இரண்டையும் மணிமணியாக எழுதி, மூன்றாவதைக் காலியாக விட்டாள். மறுநாள் தாள் திரும்பி வந்தது. 'எதுவும் இல்லை' என்று எழுதினாள். பென்சிலால் வட்டமிட்டுத் திரும்பி வந்தது. 'இனிமேல் கவனமாக இருப்பேன்' என்று எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது. தன்னைத் தலைவிக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, நான்காம் நாள் நேரே போய் நின்றாள்.

"நான் என்ன எழுதணும்?"

"வாளிக்கு என்னாச்சு?"

"கழுவிட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

தேர்வாளர் பார்க்கப்போகும் தாளில் யாராவது தனக்கு எதிராகத் தானே எழுதிக்கொள்வார்களா? இது பொறியா? எழுதினால் மதிப்பெண் குறைப்பார்களா, எழுதாவிட்டால் குறைப்பார்களா? யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை என்பது இன்னும் குழப்பியது. கடைசியில் 'வெதுவெதுப்பான நீர் விட்டேன்' என்று ஒரு வரி எழுதினாள். தாள் திரும்பி வரவில்லை. நல்லது என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் வீடியோவில் பேசியபோது அப்பா அவள் கையைப் பார்த்துவிட்டார். நகக்கண் எல்லாம் வெள்ளை, விரல் வெடித்திருந்தது.

"என்னம்மா இது, என் கை மாதிரி இருக்கு?"

"வேலைப்பா."

"இதுக்கா உன்னை ஏரோப்ளேன் ஏத்தி அனுப்பினோம்? அங்கே அதுக்குன்னு ஆள் கெடையாதா?"

"நான்தான்பா ஆள்."

அப்பா அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அம்மா, "தேங்காய் எண்ணெய் தடவு" என்று மட்டும் சொன்னாள்.

*

ஐந்தாம் வாரம் அவளுக்குரிய ஆள் வந்தார். பேருந்து ஓட்டுநர், பிறந்தது தமிழ் பேசும் வீட்டில், அந்த ஊரில் முப்பது வருடமாக இருக்கிறார். இருபது வருடத்துக்கு முன் டிப்போவில் பின்னால் வந்த லாரி இடித்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இப்போது டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கும் வேலை. மாணவர்கள் பழகுவதற்காகத் தன் மிச்சக்காலை வருடா வருடம் பட்டறைக்கு இரவல் கொடுப்பவர். வாசலிலேயே குரல் கேட்டது.

"எங்கே அந்தத் தமிழ் டாக்டரம்மா?"

"வணக்கம் சார்."

"சார்னா டிக்கெட் செக் பண்ண வர்றவர். அண்ணேன்னு கூப்பிடு. வயசு குறைஞ்ச மாதிரியாவது இருக்கும்."

மிச்சக்காலைச் சுற்றி மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு தரம் நாடா வைத்து அளந்தாள். முதல் அளவு முப்பத்து நாலரை. அடுத்தது முப்பத்து மூன்று புள்ளி இரண்டு. அதற்கடுத்தது முப்பத்து மூன்று புள்ளி ஒன்பது. நின்றாள். கீழே போகப் போகக் குறையவேண்டும், கூடுகிறது. மறுபடி அளந்தாள்: முப்பத்து மூன்று புள்ளி எட்டு. மறுபடி: முப்பத்து நாலு. நாடா நழுவுகிறது என்று நினைத்தாள். தன் கைக்குத்தான் பழக்கமில்லை என்று நினைத்தாள். கால் அப்படி இருக்கக்கூடும் என்று மட்டும் நினைக்கவில்லை. மேலுக்கும் கீழுக்கும் ஒத்துப்போகிற மாதிரி முப்பத்திரண்டு புள்ளி ஆறு என்று எழுதினாள்.

இதை நீங்கள் கவனிக்கவேண்டும். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. தப்பைத் திருத்துகிறோம் என்றே நினைத்தாள். கண் முன்னால் இருக்கும் காலைவிடப் புத்தகத்தில் இருக்கும் கால் உண்மை என்று நம்பினாள். இதற்கு மூடநம்பிக்கை என்று பெயர். அது கோயில் வாசலில் மட்டும் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறவர்கள் ஒருநாள் நம் ஆய்வகங்களுக்கு வந்து பார்க்கவேண்டும்.

ஈரக்கட்டுச் சுற்றி அச்சு எடுத்தாள். அதற்குள் மாவு ஊற்றி, இறுகியதும் உரித்தால் ஓட்டுநரின் மிச்சக்கால் வெள்ளைக் கல்லாக நின்றது. வெளிப்பக்கம் ஒரு மேடு தெரிந்தது. நாடா வைத்தாள். தாளில் இருக்கும் எண்ணோடு பொருந்தவில்லை. அரத்தை எடுத்தாள். அரை நாள் ராவினாள். தாளில் உள்ள முப்பத்திரண்டு புள்ளி ஆறு வந்ததும்தான் நிறுத்தினாள். அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி உறிஞ்சவைத்து, மிச்சக்கால் நுழையும் கூட்டைச் செய்தாள். பளபளவென்று வந்தது. படம் எடுத்து ஊருக்கு அனுப்பினாள்.

ஆறாம் வாரக் கடைசியில் ஓட்டுநர் காலை அதற்குள் விட்டார். பாதியில் நின்றுவிட்டது.

"என்னம்மா, என் கல்யாணச் சட்டையை எடுத்துக் குடுத்துட்டியா?"

தலைவி நாடாவை மணிமணியிடம் நீட்டினாள். "அள." முப்பத்து மூன்று புள்ளி ஒன்பது. தலைவி தாளைப் பார்த்தாள்.

"இந்த முப்பத்திரண்டு புள்ளி ஆறு எங்கேயிருந்து வந்தது?"

கோபமே இல்லாத குரல். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. எங்கிருந்து வந்தது? காலிலிருந்து வரவில்லை. நாடாவிலிருந்து வரவில்லை. புத்தகப் படத்திலிருந்து வந்தது. மூன்று வருடமாக அவள் எழுதிய எல்லா எண்களும் அங்கிருந்துதான் வந்தன.

ஓட்டுநர் தன் காலைத் தட்டிக் காட்டினார். "உள்ள தசையை மடிச்சு வெச்சுத் தைச்சிருக்காங்கம்மா, அதான் மேடு. இருபது வருஷமா என்கூட இருக்கு. ஒரு டாக்டராலயும் கரைக்க முடியல. நீ அரை நாள்ல ராவி எடுத்துட்டியே."

தமிழ் தெரியாத தலைவிக்கு அது புரியவில்லை. மணிமணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

*

இரண்டாவது கூட்டை ஒழுங்கான அளவோடு செய்தாள். எட்டாம் வாரம். கால் சரசரவென்று உள்ளே போனது. கீழே குழாயும் பாதமும் பூட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஓட்டுநர் நடந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"பிரமாதம்."

"எங்கேயாவது உறுத்துதா?"

"உறுத்தலா? பூப்போல இருக்கு."

நடந்து முடித்துப் பத்து நிமிடம் கழித்துக் கூட்டைக் கழற்றித் தோலைப் பார்க்கவேண்டும். எங்கே சிவந்திருக்கிறது, அந்தச் சிவப்பு மறைகிறதா என்று. தலைவி அடுத்த அறைக்குப் போயிருந்தாள். "கழற்றிப் பார்க்கலாமாண்ணே?" என்று மணிமணி கேட்டாள். "எதுக்கும்மா? எல்லாம் சரியா இருக்கு. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. நேரம் குறிக்கிறவனே நேரத்தை விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். வயதில் பெரியவர். வேண்டாம் என்கிறார். வற்புறுத்துவது மரியாதையா? பொருத்தும் நாளுக்கென்று தாளின் கீழே இருந்த பட்டியலில் 'தோலைப் பார்த்தேன்' என்ற இடத்தில் சரிக்குறி போட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவர் ஊன்றுகோலில் வந்தார். எலும்பின் முனையில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் புண்.

"எப்பேருந்து வலி?" தலைவி கேட்டாள்.

"முதல் நாளே."

"ஏன் சொல்லல?"

அவர் தலைவிக்குப் பதில் சொல்லாமல் மணிமணியைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "நீ அவ்வளவு தூரத்திலேருந்து வந்த பொண்ணு. ஏற்கெனவே ஒரு தடவை போச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லி உன் மார்க் போயிடக் கூடாதுன்னுதான். ரெண்டு நாள்ல பழகிடும்னு நெனச்சேன்."

"உங்க கால்ண்ணே அது."

"என் கால்தான். உன் படிப்பாச்சே."

தலைவி அந்த நாளின் பதிவுத்தாளைப் புரட்டி, சரிக்குறியில் விரலை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒருவர் அன்பினால் பொய் சொன்னார், ஒருத்தி மரியாதையினால் பொய் எழுதினாள், நடுவில் தோல் கிழிந்தது. யார்மேல் கோபப்படுவது? நமக்குத் தெரிந்த நல்ல குணங்களெல்லாம் வரிசையில் நின்று அந்தப் புண்ணைச் செய்திருந்தன. அன்று அந்த மூன்றாவது கட்டத்தில் மணிமணி அரைப் பக்கம் எழுதினாள். இடம் போதாமல் தாளின் பின்புறமும் எழுதினாள். எழுத்து மணிமணியாக இல்லை.

புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவள் மாவு கரைத்தாள், கொட்டினாள், மறுபடி கரைத்தாள். செமஸ்டர் முடிய நான்கே வாரம் மிச்சம். இந்தத் தடவையும் போனால் இளைய வகுப்புதான். பன்னிரண்டாம் வாரம் ஓட்டுநர் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்:

"அண்ணே, இந்தத் தடவை என்னைத் திட்டுங்க."

"திட்டவா? அதுல நான் பட்டம் வாங்கினவன். டிப்போவுல வந்து கேட்டுப் பாரு. ஆனா படிக்கிற பொண்ணைத் திட்டிப் பழக்கமில்ல."

"பழகிக்குங்க. இல்லேன்னா வேற கால் தேடிக்கிறேன்."

"சரி. அழக்கூடாது."

மூன்றாவது கூடு வந்தது. எலும்பு எங்கே உரசுகிறது என்று அறிய, மிச்சக்காலின் முனையில் உதட்டுச்சாயம் பூசிக் கூட்டுக்குள் விடச்சொன்னாள். உரசும் இடத்தில் சிவப்பு ஒட்டும்.

"இதோட வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி என்ன நெனைப்பா?"

"கால்ல தானண்ணே."

"அதைத்தான் அவ நம்பமாட்டா."

பிறகு திட்ட ஆரம்பித்தார். இங்கே குத்துது. அங்கே இல்லம்மா, ஒரு விரல் மேலே. கண் எங்கே இருக்கு உனக்கு? இது காலா, கல்லுரலா? நீ போட்டு நடந்து பாரு தெரியும். அவர் சொன்ன இடத்தையெல்லாம் பென்சிலால் குறித்து, சூடு காட்டி வெளிப்பக்கமாகத் தள்ளினாள். ஒரு நாளில் ஒன்பது தடவை கழற்றிப் பார்த்தாள். ஒருமுறை "நல்லா இருக்கு" என்றார். "பொய்யா?" என்று கேட்டாள். "கொஞ்சம்" என்றார். மறுபடி கழற்றினாள்.

பதினைந்தாம் வாரம் அவர் பட்டறையின் மாடிப்படி பன்னிரண்டையும் ஏறி இறங்கினார். கழற்றினாள். சிவந்திருந்தது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருவரும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி. எட்டாவது நிமிடம் அது மறைந்தது.

பதிவேட்டின் கடைசியில், முடிவு என்ற இடத்தில் மணிமணி இப்படி எழுதினாள்: 'நடக்கிறார். மாலையில் கூடு தளர்கிறது, ஒரு காலுறை அதிகம் போடவேண்டியிருக்கிறது. சில நாள் தளர்வதில்லை. ஏன் என்று எனக்கு முழுதாகத் தெரியவில்லை.' தலைவி அதைப் படித்தாள். "எனக்கும் தெரியல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

*

ஊருக்கு வந்து பதிவேட்டைத் துறைத் தலைவரிடம் கொடுத்தாள். அறுபத்தோரு பக்கம். மாவு விரல் பதிந்த பக்கங்கள். துறைத் தலைவர் கெட்டவர் அல்ல; அவளை அனுப்பப் பரிந்துரைத்தவரே அவர்தான். அவர் புரட்டப் புரட்ட முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? ரெக்கார்டுல யாராவது புண்ணெல்லாம் எழுதுவாங்களா?"

"நடந்தது சார்."

"நடந்ததெல்லாம் முடிவாயிடுமா? ஒரு பயிற்சிக்கு ஒரு முடிவு, அதான் விதி. ரெண்டு தடவை தோத்துட்டான்னு போர்டுல காட்டினா, யாரை அனுப்பினீங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க. அந்த ரெண்டையும் எடுத்துட்டு, மூணாவதை மட்டும் புது நோட்டுல எழுதிக் கொண்டா. உன் கையெழுத்துக்கு ரெண்டு நாள் போதும்."

"அங்கே பட்டறைத் தலைவி போட்ட கையெழுத்து…"

"அதுக்குப் பதிலா நான் போட்டுக்கிறேன். உனக்காகத்தாம்மா சொல்றேன். ஒரு வருஷம் போயிடும்."

உனக்காகத்தான். வார்த்தை வேறானாலும், இதையே ஓட்டுநர் வாயிலும் அவள் கேட்டிருந்தாள். புது நோட்டு வாங்கிவந்தாள். அப்பா, "எழுதிக் குடுத்துடும்மா, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். எழுத உட்கார்ந்தாள். நோக்கம் வந்தது, பொருட்கள் வந்தன, செய்முறை வந்தது. கை தானாக ஓடியது. அளவு முப்பத்து மூன்று புள்ளி ஒன்பது. அதுவும் உண்மைதான். எல்லாமே உண்மைதான். பிறகு எங்கே தப்பு? 'தோலைப் பார்த்தேன்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. சரிக்குறி போட்டால் அதுவும் உண்மை. ஒன்பது தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தக் குறியை அவள் ஒருமுறை பார்க்காமலும் போட்டிருக்கிறாள். இரண்டு குறிகளும் பார்வைக்கு ஒன்றேபோல இருக்கும். அதற்குமேல் எழுதமுடியவில்லை. இரண்டு நாள் அந்த நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

மூன்றாம் நாள் பழைய பதிவேட்டையே மறுபடி கொடுத்தாள். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அவளைக் கேட்டேன். "துணிச்சலெல்லாம் இல்ல. எது சரின்னு இன்னும் தெரியல. தெரியாததை எப்படி அழகா எழுதறதுன்னு மறந்துபோச்சு" என்றாள்.

இப்போது அந்தப் பதிவேடு துறைத் தலைவரின் ஒப்பமில்லாமல் துறை அலமாரியில் இருக்கிறது. அடுத்த மாதம் ஐந்து பேர் கொண்ட குழு கூடி, விதிப்படி அது ரெக்கார்டுதானா என்று முடிவு செய்யும். ஏற்காவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போகும். செய்தி எட்டியதும் ஓட்டுநர் கோணல் மாணலான தமிழில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். வலித்தது தனக்கு, மறைத்தது தான், இன்றைக்குப் படியேறுவதும் தான் என்று அதில் இருக்கிறது. கால் தன்னுடையது என்பதால் முடிவையும் தன்னிடம் கேட்கவேண்டும் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தைக் குழுவின் முன் வைக்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒரு கடிதம் என்பதால்தான் அப்படிச் சொல்லமுடிகிறது. நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், மாணவராக இருக்கலாம், பிள்ளையைப் படிக்கவைப்பவராக இருக்கலாம், நாளை ஒரு செயற்கைக் காலுக்காகவோ ஊசிக்காகவோ மேம்பாலத்துக்காகவோ இந்தப் பட்டதாரிகளை நம்பப்போகிறவராக இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த கல்லூரிக்கு, உங்கள் மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பயிற்சிக்கு ஒரே முடிவு என்ற விதியை எடுக்கச் சொல்லுங்கள். மாணவர் தோற்ற பக்கத்தையும் மதிப்பெண்ணுக்கு உரியதாக எண்ணச் சொல்லுங்கள். பெயரும் முகவரியும் போட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.